பூண் ஏறும் கொம்பு

காட்டுப்பன்றியின் கீழ்த்தாடைக் கொம்பு மூன்றில் இரண்டு பங்கு தாடைக்குள்ளேயே புதைந்து கிடக்கும். வெளியே தெரிந்து நம்மைப் பயமுறுத்துவது மிச்சம் ஒரு பங்குதான். முழுக் கொம்பையும் கையில் தந்து இதை எனக்கு விளக்கியவர் கொழும்பு கிராண்ட்பாஸில் வெள்ளி வேலை செய்யும் ஒரு பத்தர். நாகலகம் வீதியில் லொறிகள் திரும்பும் இரைச்சல் அவருடைய பட்டறைக்குள் நன்றாகக் கேட்கும். சிறுவயதில் செட்டியார் தெருவில் கூலிக்குப் பழகியவர், இப்போது வீட்டின் முன்னறையிலேயே வேலை செய்கிறார். மெட்டி, அரைஞாண், காப்பு என்று வரும் வேலைகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு சோடிப் பன்றிக்கொம்பு வரும். குழந்தை இரவில் பயந்து அழக்கூடாது என்று கழுத்தில் கட்டக் கேட்பவர்கள் உண்டு. தாத்தா சுட்ட பன்றியின் நினைவாகக் கண்ணாடி அலுமாரியில் வைக்கக் கேட்பவர்களும் உண்டு. அவர் கொம்பை வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. கொண்டுவருபவருக்குக் கூலிக்குப் பூண் கட்டிக் கொடுப்பார், அவ்வளவுதான். யானைத் தந்தம் என்று யாராவது வாய் திறந்தால் படியேற விடமாட்டார்.

கொம்பைக் கையில் எடுத்ததும் முதலில் அதன் தேய்ந்த முகத்தைத்தான் நகத்தால் தடவிப் பார்ப்பார். மேல்தாடைக் கொம்பு குட்டையாக மேல்நோக்கி வளைந்திருக்கும்; பன்றி வாயை அசைக்கும் போதெல்லாம் கீழ்க்கொம்பு அதில் உரசிக் கூராகிக்கொண்டே இருக்கும். ஆண்பன்றியின் கொம்பு சாகும்வரை வளர்வதால் தேய்வதும் நிற்பதில்லை. இளம் பன்றியின் கொம்பு அடியில் அகன்று நுனியில் ஒடுங்கும். வயதான பன்றியின் கொம்பு அடியிலிருந்து தேய்ந்த முகம் வரை ஏறக்குறைய ஒரே அகலத்தில் இருக்கும். ஐரோப்பாவில் இந்த இரண்டு அகலங்களையும் அளந்து வகுத்துத்தான் வயதைக் கணக்கிடுகிறார்கள். பத்தர் அளவுகோல் எடுப்பதில்லை. இரண்டு விரல்களுக்கிடையில் கொம்பை ஒருமுறை ஓடவிட்டு, "இது கிழவன்" என்றார்.

வேலை பொறுமையைக் கேட்பது. தாடையை அவித்துக் கொம்பை உருவியதும் உள்ளே இருக்கும் சதையை வளைந்த கம்பியால் வழித்தெடுக்க வேண்டும். பிறகு நிழலில் உலரவிட வேண்டும். வெயிலில் வைத்தால் நெடுக வெடித்துவிடும். உலர்ந்த பின் உள்பொந்தை மெழுகாலோ அரக்காலோ நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் பின்னொரு நாள் வெடிக்கும். பூண் கட்டுவதில் உள்ள சிக்கலே சூடுதான். கொம்பின் மேல் ஊதுகுழலை வைத்தால் அது கருகிவிடும். அதனால் கடதாசியில் அளவெடுத்து, வெள்ளித் தகட்டை வெட்டி வளைத்து, வெங்காரம் பூசிப் பொடிவைத்து ஊதித் தனியாக ஒரு கூடு செய்கிறார். கொம்பின் குறுக்குவெட்டு மூன்று மூலையாக இருப்பதால் வளையம் போல் வட்டமாகச் செய்தால் அது ஆடும். ஒட்டு விழும் இடம் தட்டையான பக்கத்தில் வரவேண்டும். கூடு ஆறியதும் உள்ளே இளகிய அரக்கை விட்டுக் கொம்பைச் செருகி, ஓரத்தை மெல்லத் தட்டி மடிக்கிறார். இரண்டு கொம்புகளையும் அடியோடு அடி சேர்த்து நடுவில் ஒரு பட்டை கட்டினால் முழுப் பிறை கிடைக்கும். தமிழருக்கு இந்த அணி புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் சீர்காழியில் பாடிய முதற் பதிகத்திலேயே சிவன் பன்றிக்கொம்பு பூண்டு வருகிறான். கிரேக்கத்தில் அதற்கும் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னரே கொம்பைத் தகடாகச் சீவித் தலைக்கவசத்தில் தைத்தார்கள். ஒரு கவசத்துக்கு 30, 40 பன்றிகள் தேவைப்பட்டன.

அன்று மேசையில் இன்னொரு கொம்பும் கிடந்தது. நீளத்துக்குக் குறைவில்லை. ஆனால் அடியிலிருந்து ஒரு கீறல் ஓடியது, ஒரு பக்கம் செதில் பெயர்ந்திருந்தது. "இது பரண்ல இருந்து சுட்ட பன்றி இல்ல தம்பி, வாய்வெடி. இதுல வெள்ளி பிடிக்காது. பிடிச்சாலும் நான் பிடிக்க மாட்டேன்." தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி அது. கடித்ததும் வாய்க்குள் வெடித்துத் தாடையைச் சிதைக்கும். பன்றிக்கென்று வைத்ததை யானைக்குட்டி கடிக்கும். பிறகு தின்னவோ குடிக்கவோ முடியாமல் பல நாள் நின்று சாகும். இலங்கையில் யானைகள் சாவதற்கான பெரிய காரணங்களில் இந்த வெடியும் ஒன்று. இவ்வளவு கொடுமையான கருவி இந்த நாட்டில் வேறில்லை என்றே நினைக்கிறேன்.

பயிரைக் காக்கப் பரணில் விழித்திருப்பவர்களைப் பார்க்காமல் இதை எழுத மனம் வரவில்லை. செட்டிகுளம் பக்கம் கச்சான் போட்டிருந்த ஒரு பெரியவரோடு இரவுக் காவலில் இருந்தேன். தலைமன்னார் ரயில் போகும் பாதையிலிருந்து உள்ளே, காட்டோரக் காணி. சுற்றி அலம்பல் வேலி, மூலைக்கு மூலை கட்டித் தொங்கவிட்ட தகரம். பயிர்க் காவலுக்கென்று அனுமதி பெற்ற பன்னிரண்டு போர் சொட்கன் அவரிடம் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பொழுது பட்டதும் அவர் செய்த முதல் வேலை பக்கத்துக் கொட்டில்களுக்குக் கூப்பிட்டுச் சொன்னதுதான்: தான் எங்கே இருக்கிறேன், எந்தத் திசைக்கு வெடி வைப்பேன் என்று. பதில் குரல் வந்த பிறகே தோட்டாவைப் போட்டார்.

"சத்தத்துக்கு வெடி வைக்கக் கூடாது தம்பி. அங்காலயும் ஒருத்தன் இருட்டுக்க தான் இருக்கிறான்."

பன்றிக்குக் கண் மட்டு, மூக்கு அபாரம். காற்று நம் முதுகிலிருந்து காணிப்பக்கம் வீசினால் அன்றைக்கு அது வராது, அல்லது மற்றப் பக்கத்தால் வரும். எனவே காற்றைப் பார்த்துத்தான் கொட்டிலின் எந்தப் பக்கம் குந்துவது என்று முடிவெடுக்கிறார். முதலில் வருவது பெட்டைகளும் குட்டிகளும் சேர்ந்த கூட்டம். பெரிய கொம்புள்ள ஆண் தனியனாகப் பிந்தி வரும். ரோச் லைற்றை உடனே அடிப்பதில்லை; கச்சான் செடி பிடுங்கும் சத்தமும் உறுமலும் கிட்ட வரும்வரை பொறுத்து, முப்பது மீற்றருக்குள் வந்ததும் அடிக்கிறார். எஸ்.ஜி. தோட்டா அதற்கு மேல் போனால் சிதறிவிடும். ஆண்பன்றிக்குத் தோள் தோல் தடித்திருக்கும், சிதறிய குண்டு அதைக் காயப்படுத்தி விரட்ட மட்டுமே உதவும். காயம்பட்ட பன்றியைப் பற்றைக்குள் தேடிப் போனவர்களின் தொடையைக் கீழ்க்கொம்பு கீழிருந்து மேலாகக் கிழித்திருக்கிறது.

நான் இருந்தபோது கூட்டம் வேலியோரம் வந்து, தகரச் சத்தத்துக்குத் திரும்பிப் போனது. அவர் சுடவில்லை. அதில் அவருக்கு ஏமாற்றமும் இல்லை.

"நான் வேட்டைக்காரன் இல்லை. கச்சான் போட்டவன். பண்டி வராட்டி எனக்கு நித்திரை."

விடிய விடிய விழித்திருந்து பகலில் களையும் பிடுங்குபவரின் சொல் அது. அமெரிக்காவில் இரவில் பன்றி சுடுவதைப் பலர் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். அங்கே பன்றி வெளியிலிருந்து வந்தது; 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கப்பலில் கொண்டுபோய் விட்டதோடு அது தொடங்கியது. நம் பன்றி இந்த மண்ணுக்கே உரியது. சிறுத்தைக்கும் அது இரை. அதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று அந்தப் பெரியவர்கூடச் சொல்லவில்லை. வேலி பலமாயிருந்தால் போதும் என்கிறார். நல்ல வேலிக்கு உதவி கிடைக்காத ஏழை விவசாயிதான், மிருகம் வரும் வழியில் கட்டிவைத்துத் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்குக்கும் வாய்வெடிக்கும் போகிறான். கட்டுத்துவக்கில் கால் போனவர்களில் அதே ஊர்க்காரர்களும் உண்டு. பன்றிக் கொம்பைப் பெருமையாக அணிகிறவர்கள் இந்த இரவுகளை அறிய வேண்டும் என்பது என் ஆசை.

பெரியவரின் வீட்டில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் சில கொம்புகள் கிடந்தன. பூண் இல்லை. இரண்டு வெயில் பட்டு வெடித்துவிட்டன. கிராண்ட்பாஸ் பத்தர் சொன்னபடி நிழலில் உலர்த்தி மெழுகு விடும் முறையை அவருடைய மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பேரனுக்கு ஒரு சோடியைக் கட்டித்தரச் சொல்லி என்னிடமே தந்துவிட்டார்.

பத்தர் அதைக் கையில் எடுத்ததும் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். எங்கே விழுந்தது, யார் சுட்டது, எதால் சுட்டது. பதில் திருப்தியாக இருந்த பிறகுதான் கடதாசியை எடுத்து அளவு வைத்தார். செட்டியார் தெருவின் பெரிய நகைக்கடைகளும் இந்த மூன்று கேள்விகளையும் கேட்கத் தொடங்கினால், வாய்வெடிக் கொம்புக்கு இந்த ஊரில் பூண் கட்ட ஆளிருக்காது.