தொட்டா அவுட்டு

மூணாங்கிளாஸ் படிக்கும்போது ஓடிப்பிடிக்கிற ஆட்டத்துல என்னை யாரும் பிடிச்சதே கிடையாது. திருவண்ணாமலையில், மலை தெரிகிற பள்ளிக்கூட மைதானம். தொட்டா அவுட்டு; அவுட்டானவங்க உக்காந்துடணும். கடைசியில் நான் மட்டும் நின்னுட்டிருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கும் என்னை யாராலயும் தொட முடியலம்மா" என்று பீத்திக்கொள்வேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும். ஒன்றும் சொல்லாது.

ஒருநாள் வேண்டுமென்றே மெதுவாக ஓடினேன். துரத்தி வந்த பிள்ளை கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டு வேறு பக்கம் ஓடிவிட்டது. நான் வேகமாக ஓடுகிறவள் இல்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அம்மாவுக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

எம்.ஏ. தமிழ் படித்தேன். தீண்டாமை பற்றிக் கட்டுரை எழுதினேன், கூட்டங்களில் பேசினேன். இப்போது எங்கள் காலனியில் சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் சிலர் வருகிறார்கள். "பாடம் சொல்லித் தரலாமே, விளையாட்டு எதுக்கு?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். பிள்ளைங்க சாதியைப் புத்தகத்துல படிச்சா கத்துக்குதுங்க? யார் கையைப் பிடிக்கலாம், யாரைக் கடைசியா சேத்துக்கலாம், பந்து முள்ளுக்குள்ள விழுந்தா யாரை ஏவலாம்னு விளையாடற எடத்துலதான் கத்துக்குதுங்க. எங்க மாவட்டத்துத் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் 2023 ஜனவரி 30ஆம் தேதி போலீஸ் காவலோடுதான் நுழைய முடிந்தது. எதிர்த்தவர்களும் ஒருகாலத்தில் அஞ்சு வயசுப் பிள்ளைகள்தானே.

எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. அணி பிரிக்கும்போது "நீ வா, நீ வா" என்று பொறுக்கி எடுக்க விடமாட்டேன். அப்படி எடுத்தால் தினமும் ஒரே பிள்ளைதான் கடைசியில் நிற்கும். சா பூ த்ரீ போட்டு, கை எப்படி விழுகிறதோ அப்படிப் பிரிக்கிறோம். பச்சக்குதிரையில் எல்லாரும் முறை வைத்துக் குனியணும். பந்தை அடிச்சவரே போய் எடுத்துவரணும். பந்து போட்ட பிள்ளைக்கு மட்டையும் உண்டு.

இந்தக் கடைசி விதி பல்வங்கர் பாலூவை நினைத்து வைத்தது. பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதான வேலை பார்த்த தலித். துரைகளுக்கு மணிக்கணக்காகப் பந்து போட்டார். மட்டை பிடிக்க விடவில்லை. பிறகு இந்துக்கள் அணியில் சேர்ந்தார். அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், தேநீர் நேரத்தில் அவரை வெளியே நிறுத்தி மண்குவளையில் ஊற்றினார்கள். 1911இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார். அப்புறமும் அவரைக் கேப்டனாக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923இல்தான் அது கிடைத்தது. நல்லா ஆடினா சாதி போயிடும்னு பிள்ளைங்ககிட்ட நான் பொய் சொல்றதில்லை. ஆட்டத்தோட விதியையே மாத்தணும்.

ஓடிப்பிடிக்கிற ஆட்டத்தையும் மாற்றினேன். பிடிபட்டவர் உக்காரக் கூடாது. பிடித்தவரோடு கைகோத்து ஓடணும். அடுத்தவரைப் பிடித்தால் அவரும் கைகோக்கணும். சங்கிலி நீண்டுகொண்டே போகும். தொடாமல் ஒருத்தரை நிறுத்திவைக்க இதில் வழியில்லை.

போன மாசம் பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் கையைப் பிடிக்காமல் எங்க பிள்ளையின் சட்டை நுனியைப் பிடித்தான். "எங்க ஆயா திட்டும்" என்றான். நான் திட்டவில்லை, புத்தி சொல்லவுமில்லை. சட்டையைப் பிடித்தால் சங்கிலி அறுந்ததாகக் கணக்கு, முதலிலிருந்து ஆடணும் என்றேன். மூணு தடவை அறுந்தது. பிள்ளைங்க கத்துச்சுங்க. நாலாந்தடவை கையைப் பிடித்தான். அதுக்கப்புறம் ஆட்டம் முடிகிற வரைக்கும் விடவே இல்லை.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சின்னப் பையனை அப்படி நெருக்கியிருக்க வேண்டாமோ என்று ராத்திரியில் தோன்றுகிறது. எனக்கு நீட்டி மடங்கிய கையும் ஞாபகத்துக்கு வருகிறது. எங்க பிள்ளைங்க இதையெல்லாம் யோசிக்கறதில்லை. சாயங்காலமானா தெருமுனை வரைக்கும் போய் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குதுங்க.