எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு பத்மஸ்ரீ

குடியரசு தினத்துக்கு முந்தின இரவு பத்ம விருதுப் பட்டியல் வந்ததும், நம்ம ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று தேடாத புதுச்சேரிக்காரர் குறைவு. 2020-இல் சுடுமண் கலைஞர் முனுசாமி, 2025-இல் தவில் கலைஞர் தட்சிணாமூர்த்தி என்று அவ்வப்போது கிடைக்கவும் செய்கிறது. இதற்கு யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம். 800 வார்த்தைக்குள் சாதனையை எழுதினால் போதும். நோணாங்குப்பத்தில் எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு எழுதினால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை.

கடலூர் ரோட்டில் பஸ் சத்தம் கூடுவதற்குள் அக்கா வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பார். பிறகு இட்லி, மூன்று டிபன் பாக்ஸ், மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை. இறால் வாங்கிவிட்டால் ஓடு உரித்து, முதுகைக் கீறி, கறுப்பு நரம்பை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு, மஞ்சள் தடவி அலசிக் குழம்பு வைப்பதற்குள் உச்சி வெயில் வந்துவிடும். சாப்பிட்டு எழக் கால் மணி நேரம். அப்புறம் சட்டி தேய்க்க வேண்டும்.

இதில் எதைச் சாதனை என்று எழுதுவது? அசாதாரணமாக என்ன செய்தார் என்று படிவம் கேட்கிறது. வீட்டு வேலையின் கெட்டிக்காரத்தனமோ ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. பால் பொங்கி வழியவில்லை, பிள்ளை வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகவில்லை, மாத்திரை தவறவில்லை. இதை எழுதினால் டில்லியில் சிரிப்பார்கள்.

பீகாரின் துலாரி தேவி பல வீடுகளில் பெருக்கிப் பாத்திரம் தேய்த்தவர். 2021-இல் பத்மஸ்ரீ வந்தது அவருடைய மதுபானி ஓவியத்துக்கு. மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளைக்கு 2019-இல் வந்தது, பெண்களைச் சேமிப்புக் குழுக்களாகத் திரட்டியதற்கு. தகுதியானவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் வாசற்படி தாண்டிச் செய்தது மட்டுமே விருதுக் கணக்கில் ஏறியது.

வீட்டுக்குள் நடப்பதற்குப் பதக்கம் கொடுத்த அரசும் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த நம் சொல்தா தாத்தாக்கள் ஜூலை 14 அன்று பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைக்கு வருவார்களே, அந்த பிரான்ஸ்தான். நிறையப் பிள்ளை வளர்த்த தாய்மாருக்கென்று 1920-இல் ஒரு பதக்கம் ஏற்படுத்தியது. முதல் உலகப் போரில் ஆண்களைப் பறிகொடுத்த நாட்டுக்கு ஜனத்தொகை தேவைப்பட்டது. பத்துப் பிள்ளை பெற்றவர்களுக்கு சோவியத் அரசும் 1944-இல் 'வீரத்தாய்' பட்டம் கொடுத்தது. பிள்ளைகளின் தலையை எண்ணினார்கள். அம்மா துவைத்த துணியை யார் எண்ணினார்கள்?

துவைப்பதையும் சமைப்பதையும் நம் மத்தியப் புள்ளியியல் துறை எண்ணியிருக்கிறது. 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளைக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள்.

டில்லிக்குப் போக வேண்டியிருக்கும் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "போயிட்டு வர்ற வரைக்கும் வூட்டுல யாரு தம்பி சோறாக்குவா?" என்று கேட்டுவிட்டு இறால் தோலைக் கொட்டப் போய்விட்டார்.

இந்த வீட்டு வேலையின் மதிப்பைப் பற்றி 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்து. மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அந்தச் சம்பாத்தியம் சாத்தியமானது, ஆகவே அவளுக்கும் சமபங்கு உண்டு என்றது. பத்ம விருதைவிட அக்காவுக்கு உதவக்கூடியது இதுதான். நான் படிவத்தை நிரப்பவில்லை. பதக்கத்தில் பெயர் வருவதைவிட வீட்டுப் பத்திரத்தில் பெயர் வருவது மேல். அதற்கு ஜனவரி வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இன்று இரவு உங்கள் வீட்டில் குழம்புச் சட்டியை யார் தேய்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, யாருக்கு விருது தகும் என்று பேச வாருங்கள்.