காழும் மெருகும்

மரம் இன்னது, புல் இன்னது என்று பகுத்தறியத் தொல்காப்பியர் ஓர் அளவுகோல் வகுத்துள்ளார். அகத்தே வைரம் உடையது மரம்; புறத்தே வைரம் உடையது புல். இவ்விலக்கணப்படி தேக்கும் வேங்கையும் மரமாம். பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லாம். உள்வைரத்தைக் காழ் என்றும், அதனைச் சூழ்ந்த மென்பகுதியை வெளிறு என்றும் முன்னோர் வழங்கினர். வெளிற்றில் மாச்சத்து மிகுதி. ஆதலின் பூச்சிகள் அதனையே முதலில் நாடும். காழில் படிந்துள்ள பொருள்களோ அவற்றை எளிதில் அணுகவிடா. அறியாமையைக் குறிக்கவும் திருவள்ளுவர் வெளிறு என்னும் சொல்லை ஆண்டார். தச்சர் கண்ட உண்மையும் புலவர் கண்ட உண்மையும் ஒரு சொல்லில் கூடியவாறு வியத்தற்குரியது.

காழ் ஒரு நாளில் முற்றுவதன்று. மலபாரில் கலெக்டராக இருந்த கனோலி என்பார் 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைக்க முயன்றார். அவர் காலத்தில் நட்ட மரங்களுட் சில இன்றும் அங்கே ஓங்கி நிற்கின்றன. தோட்டத் தேக்கை வெட்டுதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் காத்திருப்பது வழக்கம். பாட்டன் நட்டதைப் பேரன் அறுக்கின்றான். அவ்வாறு கிடைத்த மரத்தாலாகிய பெட்டியோ நாற்காலியோ பேணுவாரின்றிப் பத்தே ஆண்டில் பாழாகுமாயின், அவ்விழப்பு காசு பணத்தால் மட்டும் அளக்கத்தக்கதோ?

மரம் அறுபட்ட பின்னும் காற்றின் ஈரத்தை உண்டும் உமிழ்ந்தும் வருகின்றது. ஐப்பசி அடைமழையில் கதவு நிலையோடு இறுகுவதையும், கோடையில் எளிதாக மூடுவதையும் யாவரும் கண்டிருப்பர். மரம் அகலத்தில் விரிந்து சுருங்கும். நீளத்தில் அம்மாற்றம் மிகச் சிறிது. இதனை அறிந்த தச்சர், கதவுப் பலகையைச் சட்டத்தின் காடியில் சிறிது இடம் விட்டே பொருத்துவர். வீட்டார் செய்யத்தக்க காவலும் எளியதே. ஈரச் சுவரை ஒட்டிப் பெட்டியை வைத்தலாகாது. அதன் கால்களுக்குக் கீழே கல் வைத்தல் நன்று. கறையானின் மண்கோட்டையும், சிறு துளையினின்று உதிரும் மாவு போன்ற தூளையும் கண்டவுடன் கவனித்தல் வேண்டும்.

மரப்பொருளுக்கு மெருகூட்டும் அரக்கு, சிற்றுயிர்களின் கொடை. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் சாறுண்டு வாழும் அரக்குப் பூச்சிகள் தம் உடலினின்று கசியவிடும் பிசினே அது. தூய்மையாக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் பொதிந்த பஞ்சினால் மெல்லியதாகப் பூசுவர். ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே அடுத்தது. ஒரே முறையில் தடிப்பாகப் பூசுபவன் விரைவில் முடிப்பான். அவன் பூச்சும் விரைவில் கெடும். அரக்கு மெருகு வெப்பத்தால் இளகும், ஈரத்தால் வெளுக்கும். ஆகவே அதன்மேல் சூடான பாத்திரத்தை வைத்தலாகாது.

பழைய பொருளைப் புதுக்குங்கால் முறை பிறழலாகாது. முதலில் அழுக்கைத் துடைத்து உலரவிடுக. பின்னர் ஆட்டங்கண்ட கழுந்துகளைத் துளையில் இறுக்குக. அதன்பின் உப்புத்தாளை மரத்தின் வரி ஓடும் திசையிலேயே தேய்க்குக. குறுக்கே தேய்த்த கீறல், மெருகேறிய பின் இன்னும் துலங்கித் தோன்றும். தூசியை அறவே நீக்கிய பின்னரே பூசுதல் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் பூசுவோர் ஒன்றை மறத்தலாகாது. அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால், அது தானே சூடேறித் தீப்பற்றுதலும் உண்டு. அத்துணியை வெளியில் விரித்து உலர்த்துக.

இவை அனைத்தினும் அரியது, எவ்வளவு நீக்குவது என்னும் தெளிவு. முதியவர் பல்லாண்டு சாய்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடி, அவர் உள்ளங்கை பட்டுப் பட்டுக் கருத்து வழவழப்பாகியிருக்கும். அதனை அழுக்கென்று கருதி வெள்ளை மரம் தெரியுமளவும் சுரண்டிவிடுவாரும் உளர். நிலைக்கதவின் தாமரைச் செதுக்கலை மிகத் தேய்த்து இதழின் கூர்மையை மழுக்கிவிடுவாரும் உளர். பூச்சு தேய்ந்தால் மீண்டும் பூசலாம். சுரண்டிய மரத்தை மீண்டும் ஒட்ட வல்லார் யாவர்? தூசியும் பிசுக்கும் நீங்குக. கை வழங்கிய தடம் நிற்க. நல்ல தச்சர் உளியை எடுக்குமுன் நெடுநேரம் பார்த்திருப்பதன் காரணம் இதுவே.

முன்னோர் விட்டுச் சென்ற பொருளைப் பெறுவோர் அதற்கு உரியவர் மட்டுமல்லர், காவலரும் ஆவர். மரம் தன் காழைத் தானே ஆக்கிக்கொண்டது. அதனைக் காக்கும் பொறுப்பு மக்களுடையது.