படைத்தவர் பெயர்

ஏசி/டிசி குழுவின் ‘பவர் அப்’ இசைத்தொகுப்பு 2020 நவம்பரில் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆறாண்டுகளில் அக்குழு ஏறக்குறையக் கலைந்தே போயிருந்தது. 1973இல் தம்பி ஆங்கஸுடன் குழுவைத் தொடங்கிய மால்கம் யங், மறதிநோயால் 2014இல் விலகினார். டிரம்ஸ் கலைஞர் வழக்கில் சிக்கினார். செவித்திறன் குன்றியதால் பாடகர் பிரையன் ஜான்சன் 2016இல் பயணத்தின் நடுவிலேயே மேடையை விட்டார். பேஸ் கலைஞர் ஓய்வு பெற்றார். 2017இல் சில வார இடைவெளியில் அண்ணன் ஜார்ஜும் மால்கமும் இறந்தனர்.

எஞ்சியோர் வான்கூவரில் மீண்டும் கூடிப் பதிவுசெய்தனர். பாடல்கள் 12. மால்கம் ஒன்றிலும் வாசிக்கவில்லை. ஆயினும் பன்னிரண்டிலும் இயற்றியோர் ஆங்கஸ் யங், மால்கம் யங் என்றே அச்சாகியிருக்கிறது. அண்ணன் சேர்த்துவைத்த கித்தார் ரிஃப்களிலிருந்தே தம்பி இப்பாடல்களைக் கட்டினார். நோய் தொடங்கிய காலத்தில், தாம் இயற்றியவற்றையே மீண்டும் பயின்று மேடையேறியவர் மால்கம். (இத்தொகுப்பு அக்குழுவின் தலைசிறந்த படைப்பன்று, நடுவிலுள்ள இரண்டு மூன்று பாடல்களை எனக்கு இன்றும் பிரித்தறிய இயலவில்லை.)

என்னைப் பிடித்துக்கொண்டது இசையைவிட அந்தப் பெயர்ப் பட்டியல்தான். என் ஆய்வேட்டில் ஒரு மூதாட்டி இருக்கிறார், ‘தகவலாளி 3’ என்னும் குறியீடாக. ஜார்க்கண்டில் குடுக் மொழி பேசியவர். சென்ற ஆண்டு மறைந்தார். 17 மணிநேர ஒலிப்பதிவு அவருடையது. நான் புனைந்து சொன்ன தொடர்களைக் கேட்டு, “அப்படி யாரும் பேசமாட்டார்கள்” என்று சிரிப்பார். அந்தத் தொடர்களுக்கு முன்னால்தான் நாம் உடுக்குறி இடுகிறோம். இலக்கண வழு என்று தீர்ப்பளித்தவர் அவர். குறியை இட்டது மட்டுமே நான். வினைமுற்று பற்றிய இயல் முழுவதும் அத்தீர்ப்புகளின்மேல் நிற்கிறது. தரவு தந்தவர் என்று அவரைச் சொல்வது குறைவுபடச் சொல்வதாகும்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தம் பெயரையும் ஊரையும் அவரே சொல்கிறார். புத்தகத்தில் பெயர் வருமா என்றும் ஒருமுறை கேட்டார். ஒப்புதல் படிவத்திலோ பெயர் வெளியிட விரும்புவோர்க்கு ஒரு கட்டம்கூட இல்லை. காக்கும் நோக்கில் வகுத்த விதிதான், மறுக்கவில்லை. காக்க வேண்டாம் என்றவரையும் அது காக்கிறது.

அவருடைய மகள் எழுத்தில் இசைவு தந்திருக்கிறார். நன்னெறிக் குழுவுக்கு விண்ணப்பித்துள்ளேன். இம்மாத இறுதியில் கூட்டம். குறியீட்டை நீக்காவிடில் அந்த இயலை வெளியிடப்போவதில்லை என்று நெறியாளரிடம் சொல்லிவிட்டேன். என் வரைவில் இப்போது அவர் பெயரே இருக்கிறது.