கிரான்தம் ஊரின் மளிகைக்காரர்

ஆல்ஃபிரட் ராபர்ட்ஸ் (1892–1970) இங்கிலாந்தின் கிரான்தம் ஊரில் சுமார் நாற்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தியவர். நகர்மன்றத்தில் 25 ஆண்டுகள் இருந்தவர், மேயர் பதவி வகித்தவர், மெதடிஸ்ட் சபையின் உபதேசியார். இவருடைய இளைய மகள் மார்கரெட் தாட்சர் 1979-இல் பிரிட்டனின் முதல் பெண் பிரதமரானார். கிரான்தமுக்குப் பயணிகள் பெரும்பாலும் மகளின் பெயரைக் கேட்டே வருகிறார்கள். ஆனால் அங்கே பார்க்கக் கிடைக்கும் இடங்களில் பல தகப்பனுடையவை. கடை, தேவாலயம், நகர்மன்றம் ஆகிய மூன்றும் நடந்து போகிற தூரத்திலேயே இருக்கின்றன.

கிரான்தம் லிங்கன்ஷயரில் உள்ள ஒரு சந்தை ஊர். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து எடின்பரோ செல்லும் தடத்தில் ஏறக்குறைய 105 மைல் தொலைவு. விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். லண்டனையும் ஸ்காட்லாந்தையும் இணைத்த பழைய பெரும் வடக்குச் சாலை இந்த ஊரின் நடுவேதான் சென்றது. ஐசக் நியூட்டன் சிறுவயதில் படித்த கிங்ஸ் பள்ளி இங்கே இருக்கிறது. ஊருக்குள் நுழையும் எவர் கண்ணிலும் முதலில் படுவது செயின்ட் வுல்ஃப்ராம் தேவாலயத்தின் 282 அடி உயரக் கூர்கோபுரம்.

ராபர்ட்ஸ் இந்த ஊரில் பிறந்தவர் அல்லர். நார்தாம்ப்டன்ஷயரின் ரிங்ஸ்டெட் என்னும் சிற்றூர் அவருடைய பிறப்பிடம். குடும்பத் தொழில் செருப்பு தைப்பது. கண்பார்வை குறைவாக இருந்ததால் அந்தத் தொழில் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியராக வேண்டும் என்ற ஆசை இருந்தும், வீட்டு நிலைமையால் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். பல கடைகளில் சிப்பந்தியாக இருந்தபின் மளிகைக் கடை ஒன்றின் மேலாளராகக் கிரான்தம் வந்து சேர்ந்தார். முதல் உலகப்போரில் படையில் சேர அவர் பலமுறை முயன்றார். உடல் தகுதி இல்லை என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பப்பட்டார்.

1917-இல் அவர் மணந்த பியாட்ரிஸ் தையல் தொழில் செய்துவந்தவர். இருவரும் சிக்கனமாகச் சேர்த்த பணத்தோடு கடனும் வாங்கி, 1919-இல் நார்த் பரேட் தெருமுனையில் ஒரு கடையை வாங்கினார்கள். பிறகு ரயில்வே தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில், ஹண்டிங்டவர் ரோட்டில், இரண்டாவது கடை திறக்கப்பட்டது. நார்த் பரேட் கடைக்கு மேலிருந்த மாடிதான் குடும்பத்தின் வீடு. 1921-இல் மியூரியலும் 1925 அக்டோபர் 13-இல் மார்கரெட்டும் அங்கே பிறந்தார்கள். குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும் வசதி அந்த வீட்டில் இல்லை. கழிப்பறையும் வீட்டுக்கு வெளியேதான்.

அன்றைய மளிகைக் கடையில் பொருள்கள் உறையில் அடைத்து வருவதில்லை. தேயிலை, சர்க்கரை, பிஸ்கட் எல்லாம் மூட்டையிலும் பெட்டியிலும் மொத்தமாக வந்து இறங்கும். பின்கட்டில் அவற்றை நிறுத்துப் பொட்டலம் கட்ட வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் பித்தளைப் பிடி வைத்த மரச் சிற்றறைகளில் மசாலாச் சரக்குகள், அவற்றின் மேல் கறுப்பு மெருகிட்ட தேயிலை டப்பாக்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் புகையிட்ட பன்றித் தொடையின் வாசனை. தாட்சர் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் இந்தக் கடையை இப்படித்தான் விவரித்தார். கடைக்குள்ளேயே துணை அஞ்சலகமும் இருந்ததால் ஓய்வூதியம் வாங்கும் முதியவர்களும் அங்கே வருவார்கள். சர்க்கரை தீர்ந்துபோனவர்கள் கடை சாத்திய பிறகும் கதவைத் தட்டுவார்கள். மகள்கள் இருவரும் எடை போடவும் பொட்டலம் கட்டவும் பழகினார்கள். பியாட்ரிஸ் வீட்டு அடுப்பில் ரொட்டியும் கேக்கும் சுடும் நாளில், முடியாமல் கிடப்பவர்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு போகும்.

இன்று அந்தக் கட்டடத்தில் மளிகைக் கடை இல்லை. உடல்நலச் சிகிச்சை நிலையம் ஒன்று அங்கே இயங்கியிருக்கிறது. பிரிட்டனின் முதல் பெண் பிரதமர் பிறந்த இடம் என்று சொல்லும் பலகை சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு தெருக்கள் கூடும் முனையில் இருக்கும் செங்கல் கட்டடத்தை வெளியே நின்று பார்த்தாலே, முனைக்கடையின் வியாபார வசதி புரிந்துவிடும்.

ராபர்ட்ஸின் வாழ்க்கையில் கடைக்கு அடுத்த இடம் ஃபின்கின் தெரு மெதடிஸ்ட் தேவாலயத்துக்கு. ஊரின் பெரிய கோபுரத்தைக் கொண்ட செயின்ட் வுல்ஃப்ராம் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தது. மெதடிஸ்ட் சபையிலோ வணிகரும் கைத்தொழிலாளரும் அதிகம். குருப்பட்டம் பெறாதவர்களும் அங்கே பிரசங்கம் செய்யலாம். ராபர்ட்ஸ் அப்படி ஞாயிறுதோறும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்குப் போய்ப் பேசினார். குழந்தைகளுக்கு ஞாயிறு என்றால் காலையும் மாலையும் ஆராதனை, இரண்டு வேளை ஞாயிறு பள்ளி. விளையாட்டு கிடையாது. தையல் ஊசியைக்கூட எடுக்கக் கூடாது. பள்ளியில் கிடைக்காத படிப்பை ராபர்ட்ஸ் நூலகத்தில் தேடிக்கொண்டார். வாரந்தோறும் அங்கிருந்து வரும் கனமான நூலை இளைய மகளும் படித்து அவரோடு விவாதிப்பாள். ஊரார் செய்கிறார்கள் என்பதற்காக ஒன்றைச் செய்யாதே, எது சரி என்று நீயே முடிவு செய் என்பது அவர் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொன்ன பாடம்.

மூன்றாவது இடம் செயின்ட் பீட்டர்ஸ் ஹில் சதுக்கத்தில் இருக்கும் கில்டுஹால். 1869-ஆம் ஆண்டுக் கட்டடம். ராபர்ட்ஸ் 1927-இல் நகர்மன்ற உறுப்பினரானார். மனத்தளவில் பழைய லிபரல் கட்சிக்காரர், மன்றத்திலோ சுயேச்சை. நிதிக்குழுவின் தலைவராக நெடுங்காலம் இருந்து, வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்பவர் என்று பெயர் எடுத்தார். ரோட்டரி சங்கத் தலைவராகவும், மகள் படித்த பெண்கள் பள்ளியின் ஆளுநர் குழுவிலும் இருந்தார். 1938-இல் நாஜிகளிடமிருந்து தப்ப வேண்டிய நிலையில், மியூரியலின் பேனா நண்பியான வியன்னா யூதப் பெண் ஒருத்தி உதவி கேட்டாள். தனியாகத் தாங்க முடியாத செலவை ராபர்ட்ஸ் ரோட்டரி நண்பர்களோடு பகிர்ந்துகொண்டார். அந்தப் பெண் அவர்களுடைய வீடுகளில் மாறி மாறித் தங்கி, பிறகு தென் அமெரிக்கா போய்ச் சேர்ந்தாள்.

1943-இல் அவர் ஆல்டர்மேன் ஆனார். இது மக்கள் வாக்களிக்கும் பதவி அன்று. மன்ற உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்த மூத்தோர் பதவி. போர் முடிந்த 1945-இல் மேயரானார். 1952-இல் மன்றப் பெரும்பான்மை தொழிற்கட்சியிடம் இருந்தபோது, அக்கட்சி தன் ஆளை நிறுத்தி அவரை ஆல்டர்மேன் பதவியிலிருந்து இறக்கியது. அன்று அவர் தம் அங்கியைக் களைந்து வைத்ததை 33 ஆண்டுகளுக்குப் பிறகு, 1985-இல், ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னபோது மகள் கண்கலங்கினார். பொது இடத்தில் அவர் அழுதது அரிது என்பதால் அந்தப் பேட்டி பலருக்கும் நினைவிருக்கிறது.

கடை 1950-களின் இறுதியில் கைமாறியது. 1960-இல் பியாட்ரிஸ் இறந்தார். சில ஆண்டுகள் கழித்து மறுமணம் செய்துகொண்ட ராபர்ட்ஸ், 1970 பிப்ரவரியில் காலமானார். மகள் அதே ஆண்டு ஜூனில் முதன்முறை கேபினட் அமைச்சரானதை அவர் பார்க்கவில்லை. 1979 மே 4 அன்று பிரதமராகப் பொறுப்பேற்று டவுனிங் தெரு வாசலில் நின்றபோது, தாம் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தந்தைக்கே கடன்பட்டிருப்பதாக மகள் கூறினார்.

அதன்பின் ராபர்ட்ஸ் ஓர் அரசியல் உவமை ஆகிவிட்டார். வரவுக்குள் செலவு செய்யும் மளிகைக்காரரின் கணக்கு நாட்டின் நிதிநிலைக்கும் பொருந்தும் என்று மகள் வாதிட்டார். ஓர் அரசின் கணக்கைக் கடைக் கணக்கோடு ஒப்பிட முடியாது என்று பொருளியலாளர் பலர் மறுத்தார்கள். ஜான் கேம்ப்பெல் எழுதிய தாட்சர் வரலாற்றின் முதல் தொகுதிக்கே ‘மளிகைக்காரர் மகள்’ என்றுதான் பெயர். ஊரிலும் இந்தக் கருத்து வேறுபாடு தீரவில்லை. டக்ளஸ் ஜென்னிங்ஸ் செய்த தாட்சரின் வெண்கலச் சிலையை 2022 மே மாதம் செயின்ட் பீட்டர்ஸ் ஹில்லில், பத்தடிப் பீடத்தின் மேல் நிறுத்தினார்கள். சில மணி நேரத்துக்குள் அதன்மீது முட்டை வீசப்பட்டது.

அந்தச் சண்டை மகளுடைய ஆட்சியைப் பற்றியது. தகப்பனைத் தனியாகத்தான் எடை போட வேண்டும். தனிச் சொத்தைப் பெருக்கும் வணிகராக மட்டும் அவர் வாழவில்லை. பகலில் கல்லாவில் உட்கார்ந்தவர் மாலையில் மன்றக் குழுக்களுக்குப் போனார், ஞாயிறன்று பிரசங்கத்துக்குப் போனார். சிக்கனத்தை அவர் வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஊர்க் கணக்கிலும் கடைப்பிடித்தார். அதே மனிதர்தான் நாஜிகளிடமிருந்து தப்ப வேண்டியிருந்த ஒரு பெண்ணுக்காக ஊர் நண்பர்களிடம் உதவியும் கேட்டார். மகள் உலகுக்குச் சொன்ன உவமையில் சிக்கனம் என்ற முதல் பாதி அளவுக்கு, உதவி என்ற இந்த இரண்டாம் பாதி வெளியே தெரியவில்லை.

கிரான்தம் செல்பவர்களுக்கு ஒரு பகல் போதும். நிலையத்திலிருந்து முதலில் நார்த் பரேட், அடுத்து ஃபின்கின் தெரு, கடைசியாகக் கில்டுஹால் என்ற வரிசையில் நடப்பது நல்லது. சிலையில் தொடங்கினால் மகள் கதை மட்டுமே தெரியும். கடையில் தொடங்கினால் ஒரு சிற்றூர் வணிகர் ஊர்ப் பெரியவரான கதையும் சேர்ந்து தெரியும்.