அப்புத்தளையில் இறங்காதவர்கள்

பெயரிலேயே சத்திரத்தைச் சுமந்திருக்கும் ஊர் எங்கள் பனவடலிசத்திரம். ஆயினும் அவ்வூர்க்காரர்களான நாங்கள் பயணத்திற்குப் பழகியவர்கள் அல்லர். சங்கரன்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் பேருந்தில் போய்வருவதும், ஆண்டுக்கொருமுறை வேளாங்கண்ணிக்குச் செல்வதுமே எங்கள் உலகச் சுற்றுலா. அத்தகைய நாங்கள் 2018 மே விடுமுறையில், பிள்ளைகளின் நச்சரிப்புக்கு இணங்கி, அம்மாவையும் சேர்த்து ஐந்து பேராக இலங்கையின் மலைநாட்டிற்குப் புறப்பட்டோம். கரிசல் மண் வெடித்துக் கிடந்த நேரம் அது. பச்சையாக எதையேனும் பார்த்தால் போதும் என்றிருந்தது.

மதுரையிலிருந்து கொழும்பிற்கு விமானத்தில் ஒரு மணி நேரந்தான். ஊரிலிருந்து மதுரை விமான நிலையத்திற்குப் போய்ச்சேர அதைவிட அதிக நேரம் ஆயிற்று. மறுநாள் விடியற்காலையில் கோட்டை நிலையத்திற்குச் சென்றபோது 'புகையிரத நிலையம்' என்ற பலகையைப் பார்த்த மகன், "புகை எங்கே?" என்று கேட்டான். டீசல் எஞ்சினைக் காட்டிச் சமாளித்தோம். முன்பதிவு செய்யவேண்டும் என்ற அறிவு எங்களுக்கு இல்லை. கம்பளை வரைக்கும் ஒற்றைக்கால் தவந்தான். அம்மாவுக்கு மட்டும் ஒரு சிங்களப் பெண் தம் இடத்தைக் கொடுத்துவிட்டு, தம் குழந்தையையும் அம்மாவின் மடியிலேயே வைத்துவிட்டார்.

நானுஓயாவைக் கடந்தபின் கால்வலி மறந்துபோயிற்று. கொழும்பிலிருந்து பதுளை வரை சுமார் 290 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதை, பட்டிப்பொலவுக்கு அப்பால் 6,200 அடிக்கும் மேலே ஏறிவிடுகிறது. அங்கே ஒரு சுரங்கம் உண்டு. மழையோடு உள்ளே நுழைந்த வண்டி மறுபுறம் வெயிலில் வந்து நின்றது. கீழே பள்ளத்தாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாய் விரிந்தன. பிள்ளைகள் பேச்சை நிறுத்தியது அந்தப் பயணத்திலேயே அப்போதுதான்.

அந்த மயக்கத்தில்தான் பெரிய தவறு நேர்ந்தது. நாங்கள் இறங்கவேண்டிய ஊரின் பெயரை மகள் கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்து 'ஹபுடேல்' என்று சொல்லியிருந்தாள். ஹபுடேல் வருகிறதா என்று நாங்கள் ஆளுக்கொரு சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிலையத்தில் வண்டி நின்றது. அம்மா பலகையைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்து, "ஏய், அப்புத்தளைடா! எங்க சித்தி ஊரு!" என்றார். "இருக்கட்டும்மா, நாம இறங்க வேண்டியது ஹபுடேல்" என்று அவரை அமர்த்தினோம். வண்டியும் புறப்பட்டது. எதிரில் இருந்தவர் சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்ன பிறகே இரண்டும் ஒரே ஊர் என்பது எங்களுக்கு விளங்கிற்று.

அடுத்த நிலையமான தியத்தலாவையில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. முச்சக்கர வண்டி ஓட்டிய சிங்களப் பெரியவர் பாதித் தமிழில் எங்களைத் தேற்றி, தம் மழைச்சட்டையைக் கழற்றி அம்மாவுக்குப் போர்த்திவிட்டார். ஐந்து பேரும் மூட்டைகளும் அதற்குள் எப்படி அடங்கினோம் என்பது இன்றும் எங்கள் வீட்டில் தீராத புதிர்.

வழியெல்லாம் அம்மா பேசவில்லை. விடுதிக்கு வந்து தேநீர் குடித்த பின்னரே சொன்னார். அவருடைய சித்தி கல்யாணமான கையோடு புருஷனுடன் மண்டபம் முகாம் வழியாகக் 'கண்டிச்சீமை'க்குப் போனவர். தோட்டத்தின் பெயர் அம்மாவுக்கு நினைவில்லை. கடிதங்களில் எழுதியிருந்த 'அப்புத்தளை' மட்டும் நினைவிருந்தது. அம்மாவின் கல்யாணத்திற்கு முன்பே கடிதங்கள் நின்றுவிட்டன. 1948 இலங்கைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் பல இலட்சம் பேர் நாடற்றவர்களானதையும், 1964 ஒப்பந்தத்தின்படி அவர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்டதையும் நாங்கள் பள்ளியில் படித்திருந்தோம். அதில் எங்கள் வீட்டுக்காரர் ஒருவரும் இருந்தார் என்பது மட்டும் பாடத்தில் இல்லை. அழகான படங்களைப் பார்த்து நாங்கள் தேர்ந்தெடுத்த ஊர் அது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சர் தாமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931-இல் கட்டிய அடிஷாம் மாளிகைக்கு நடந்தோம். 1960-களின் தொடக்கத்திலிருந்து அது புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடமாக இருந்துவருகிறது. மூன்று கிலோமீட்டர் ஏறிப்போய்ப் பூட்டிய கதவைத் தரிசித்தோம். வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலுமே பார்வையாளர்களை அனுமதிப்பார்களாம். விசாரிக்காமல் போனது எங்கள் பிழையே. சனிக்கிழமை மீண்டும் ஏறினோம். ரோஜாத் தோட்டமும் பழைய நூலகமும் அந்த அமைதியும் இரண்டு நாள் ஏற்றத்துக்கும் ஈடாயின. துறவிகள் தயாரிக்கும் பழப்பாகும் கொய்யா ஜெல்லியும் இரண்டிரண்டு புட்டி வாங்கினோம். (ஒரு புட்டி ஊர் திரும்பும்போது பெட்டிக்குள்ளேயே உடைந்து, எல்லாருடைய கம்பளிச் சட்டையையும் இனிப்பாக்கிற்று.)

ஞாயிறு பூசைக்குப் பின் லிப்டன் தம் தோட்டங்களைப் பார்வையிட்டதாகச் சொல்லப்படும் மலைமுகட்டுக்குப் போனோம். பத்து மணிக்குள் போகவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் போனது பதினொன்றுக்கு. மூடுபனியைத் தவிர வேறொன்றும் இல்லை. மழையும் தூறத் தொடங்கியது. "இந்த மழை நம்ம லீவையே கெடுத்துட்டு" என்று பிள்ளைகள் முணுமுணுக்க, 1890-இல் கட்டப்பட்ட தம்பேதென்னைத் தொழிற்சாலையை நோக்கிக் கீழே நடந்தோம்.

லயத்து வாசல்களில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் நின்று பூர்வீகம் கேட்டார். துறையூர் என்றார்கள், புதுக்கோட்டை என்றார்கள். அம்மாவின் வயதை ஒத்த ஒருவர் மட்டும், "சங்கரநயினார்கோயில் பக்கம்னு எங்க அம்மாயி சொல்லும்" என்றார். நாங்களே மறந்துவிட்ட பழம்பெயர். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சித்தியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். இப்போது மகள் பறிக்கிறாள். அடிப்படைச் சம்பளம் அப்போது நாளுக்கு 500 ரூபாய், ஆயிரமாக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். (அந்த ஆயிரம் 2021-இல்தான் வந்தது.) எங்கள் தங்குமிடத்தின் ஒரு நாள் வாடகையை அவர் கேட்டுவிடக்கூடாதே என்று உள்ளூர வேண்டிக்கொண்டோம். அவர் கேட்டது வேறு.

"அங்கிட்டு மழையே பேயாதாமே? அதனாலதான் வந்தோம்னு அம்மாயி சொல்லும். இப்பவாச்சும் பேயுதாம்மா?"

பிள்ளைகள் குடையை மடக்கினார்கள். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. இருமலுக்கென்று முந்தானையில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டை அவிழ்த்து அவரிடம் கொடுத்தார். அவர் அதை வாயில் போடாமல் வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் கொண்டுவந்தார். "மழை பேஞ்சா எழுதிப் போடுறேன் தாயி" என்றார் அம்மா. மகள் முகவரியைக் குறித்துக்கொண்டாள்.

அவ்வாண்டு ஐப்பசியில் ஒருநாள் இரவெல்லாம் மழை பெய்து, வாசலில் கரிசல் குழைந்து கிடந்தது. காலையில் அம்மா கடித உறை வாங்கிவரச் சொன்னார். மகள் எழுதினாள். முகவரியில் ஊர்ப்பெயருக்கு மட்டும் பேனாவைத் தாம் வாங்கி, நடுங்கும் எழுத்தில் 'அப்புத்தளை' என்று எழுதினார்.