காட்டுவதும் காட்டிக்கொடுப்பதும்

உண் – ஊட்டு, பூண் – பூட்டு, காண் – காட்டு. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் மனப்பாடம் செய்த ஜோடிகள். காட்டு என்றால் காணச் செய். ஆனால் தமிழ்நாட்டுப் பேச்சில் ‘காண்’ தேய்ந்துபோய்விட்டது. ‘பேனாவைக் காணோம்’ என்பது போன்ற இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றதையெல்லாம் ‘பார்’ எடுத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் இன்னும் ‘உங்களைக் கண்டு கனகாலம்’ என்பார்கள். ‘பார்’ என்பதற்கு இப்படி ஒரு பிறவினை இல்லை. ‘உன் கையைப் பார்க்க வை’ என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பவர்களும் காட்டுவதற்கு மட்டும் காணிடம்தான் போகவேண்டியிருக்கிறது.

*

மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா? சாமிக்குக் கற்பூரம் காட்டு. அப்பளத்தை நெருப்புல காட்டு. போர்வையைக் கொஞ்சம் வெயில்ல காட்டு. புள்ளைய நல்ல டாக்டராப் பாத்துக் காட்டுங்க. இந்த ஐந்தில் கண்ணுக்கு வேலை இருப்பது சாமிக்கும் டாக்டருக்கும்தான். நெருப்பு அப்பளத்தைப் பார்ப்பதில்லை. எதிரே கொண்டுபோய் நிறுத்துவதுதான் இங்கே காட்டுவது. பிறகு நடப்பது எதிரே இருப்பவர் பாடு. மாட்டுக்குத் தண்ணி காட்டுவதில் எனக்குப் பிடித்தது அந்த அடக்கம். வாளியை வைப்பதோடு நம் வேலை முடிந்தது, குடிப்பது மாட்டின் இஷ்டம்.

*

அதே தண்ணியைப் போலீசுக்குக் காட்டினால் பொருள் தலைகீழ். ‘மூணு மாசமா போலீசுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தான்’ என்றால் அகப்படாமல் திரிந்தான். ஆட்டம் காட்டுவது, பூச்சாண்டி காட்டுவது, படம் காட்டுவது, கண்ணாமூச்சி காட்டுவது எல்லாம் இந்த வகை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கிற வேலை.

‘கணக்குக் காட்டு’ இவற்றில் கெட்டிக்காரத்தனமானது. ‘செலவுக் கணக்குச் சொன்னான்’ என்றால் கேட்டுக்கொள்வோம். ‘செலவானதா கணக்குக் காட்டியிருக்கான்’ என்றதும் காது கூர்மையாகிவிடும். லாபம் வரலாம், கிடைக்கலாம். நஷ்டத்தை மட்டும்தான் ‘காட்ட’ முடியும். வருமானத்தையும் சொத்தையும் அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது அது நேர்மையான பொருளில்தான் சொல்கிறது. ஆடிட்டர் அலுவலகத்துப் பேச்சில் அந்த நேர்மையைத் தேட வேண்டியிருக்கிறது.

*

இப்போது ‘கொடு’வுக்கு வருகிறேன். இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான்.

சொல்லிக்கொடு என்றால் கற்பி. காட்டிக்கொடு என்றால் துரோகம் செய். முதல் வினைகள் இரண்டும் நல்ல வினைகள். பின்னால் வருகிற கொடு தமிழின் மிக மதிப்பான சொற்களில் ஒன்று. கொடையாளிகளைப் பாடியே பெரும் இலக்கியம் படைத்த மொழி. நல்லதும் நல்லதும் சேர்ந்த இடத்தில் இவ்வளவு கெட்ட சொல் எப்படிப் பிறந்தது?

விடை குழந்தைகளிடம் கிடைக்கிறது. ‘இரு, அம்மாகிட்ட சொல்லிக்குடுத்துடறேன்’ என்று அண்ணனை மிரட்டும் தங்கை அண்ணனுக்கு எதையும் கற்பிக்கப் போவதில்லை. அண்ணனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு, அண்ணனை அம்மாவிடம் சொல்லிக்கொடுப்பது வேறு. ‘கு’ வந்தால் ஆசிரியர், ‘ஐ’ வந்தால் கோள். காட்டிக்கொடுப்பதும் இப்படித்தான். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு வழியைக் காட்டிக்கொடுத்தால் புண்ணியம். வந்தவரையே காட்டிக்கொடுத்தால் பாவம். அங்கேயும் கொடைதான் நடக்கிறது. கொடுக்கப்படும் பொருள் ஒரு மனிதர், வாங்கிக்கொள்பவர் அவருடைய எதிரி.

நன்னூலார் நான்காம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களில் முதலாவது கொடை, இரண்டாவது பகை. தேர்வுக்காகப் படித்தபோது இந்த அண்டை வீட்டு உறவு கண்ணில் படவில்லை.

*

பைபிளில் யூதாஸ் செய்த காரியத்துக்குத் தமிழில் நிலைத்துவிட்ட சொல் காட்டிக்கொடுத்தல். கிரேக்க மூலத்தில் இருக்கும் வினைக்கு ‘கையில் ஒப்படை’ என்பது நேர்ப்பொருள். அதிலும் ‘கொடு’ உண்டு. அதே கிரேக்க வினை, பிலாத்து இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பும் இடத்திலும் வருகிறது, கடவுள் தம் மகனையே உலகுக்காகத் தந்தார் என்று பவுல் எழுதும் இடத்திலும் வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கெல்லாம் ‘ஒப்புக்கொடு’ என்று போட்டு, யூதாசுக்கு மட்டும் ‘காட்டிக்கொடு’ என்று பிரித்தது. மிகச் சரியான பிரிவு. இரவு நேரம், தோட்டம், பிடிக்க வந்த கூட்டத்துக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டும். யூதாஸ் முத்தமிட்டு அடையாளம் சொன்னான். முதலில் காட்டினான், பிறகு கொடுத்தான். முப்பது வெள்ளிக்காசு வாங்கியது தனி. மூலத்தில் இல்லாத ஒரு துல்லியம் தமிழில் இருக்கிறது என்று இந்த ஓரிடத்திலாவது துணிந்து சொல்லலாம்.

மலையாளத்தில் இதற்கு ‘ஒற்றிக்கொடுக்குக’. நம்முடைய ஒற்று, ஒற்றன் எல்லாம் அங்கே வினையாக நிற்கின்றன. முன்வினை மாறினாலும் கொடு மாறவில்லை பாருங்கள்.

*

எட்டப்பன். பெயர்ச்சொல்லாக இருந்து வசவானவர். எட்டயபுரம் பாளையம் கும்பினியின் பக்கம் நின்றது உண்மை. ஆனால் கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமையில். பிடித்து ஒப்படைத்தவர்கள் தொண்டைமானின் ஆட்கள். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கு. காட்டியது, கொடுத்தது என்று கணக்குப் பார்த்தால் இரண்டு சீமைக்கும் பங்கு உண்டு. நாடக மேடைகளும் 1959இல் வந்த சிவாஜி படமும் ஒருவர் பெயரை மட்டும் ஊரறியச் செய்துவிட்டன. யாரும் யாரையும் ‘தொண்டைமான்’ என்று திட்டுவதில்லை. எட்டயபுரத்துக்காரர்கள் பாவம், பாரதி பிறந்த ஊர் என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.

ஈழத்தில் இந்த இடம் காக்கை வன்னியனுக்கு. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தவன் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறவன். அங்கே இன்னொரு சொல்லும் உண்டு: தலையாட்டி. போர்க்காலத்து ராணுவச் சுற்றிவளைப்பில் ஊராரை வரிசையாக நடத்திக் கொண்டுபோவார்கள். முகத்தை மூடிய ஒருவர் முன்னால் ஒவ்வொருவரும் நிற்க வேண்டும். அவர் தலையாட்டினால் போயிற்று. வாய் திறக்கவில்லை, விரல் நீட்டவில்லை, தன் முகத்தைக்கூடக் காட்டவில்லை. காட்டிக்கொடுத்தல் என்ற வினையின் மிகக் கொடிய வடிவம் அதுதான் என்று நினைக்கிறேன். இதற்கு மேல் அதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

*

உயிரில்லாதவையும் காட்டிக்கொடுக்கும். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது, ரேகை காட்டிக்கொடுத்துவிட்டது, தெருமுனைக் கேமரா காட்டிக்கொடுத்துவிட்டது. வாட்ஸ்அப்பில் நீல டிக். இவற்றைத் துரோகி என்று சொல்வதில்லை. ஆனாலும் வினை அதேதான், ‘விட்டது’ என்று ஒரு பெருமூச்சும் சேர்ந்து வரும்.

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு, ஒன்று அரசியலில், ஒன்று காதலில். அரசியல் குறிப்பறிதலில், அருகில் இருப்பதைப் பளிங்கு காட்டுவதுபோல் மனத்தில் மிகுந்ததை முகம் காட்டும் என்கிறார் வள்ளுவர். வெறும் காட்டு, கொடு இல்லை. முகத்துக்கு யார் பக்கமும் இல்லை. காமத்துப்பாலில் கண்களைப் பறை என்று சொல்லும்போதுதான் தலைவிக்குக் கோபம் வருகிறது: பறை அறைகிற கண்ணை வைத்துக்கொண்டு ரகசியம் காப்பது எப்படி?

*

காட்டிக்கொள். ‘கொடு’வுக்கு எதிர்முனை. இதில் நடப்பதெல்லாம் தனக்காக. ‘பெரிய ஆளாக் காட்டிக்கிறான்’ என்றால் இல்லாததைக் காட்டுவது. ‘வலியை வெளியே காட்டிக்கவே இல்லை’ என்றால் இருப்பதைக் காட்டாதது. கவனித்தால், எதிர்மறையில் வரும்போதுதான் இந்தச் சொல்லுக்கு மரியாதை. ஊரில் நல்ல மனுஷர்கள் என்று பெயரெடுத்தவர்கள் பெரும்பாலும் காட்டிக்கொள்ளாதவர்கள்.

கல்யாண வீட்டுக்கு ‘முகத்தைக் காட்டிட்டு வந்துடறேன்’ என்பவர் சாப்பிட உட்கார மாட்டார். தலையைக் காட்டுவது அதைவிடச் சுருக்கம், செருப்பைக்கூடக் கழற்றுவதில்லை.

*

செய்தித்தாளில் யாரும் எதையும் காட்டுவதில்லை. ‘விசாரணையில் தெரியவந்தது.’ ‘திடுக்கிடும் தகவல்கள் வெளியாகியுள்ளன.’ தகவல் தானே நடந்து வந்ததுபோல. யார் சொன்னது, எந்த அதிகாரி, எதற்காக இன்றைக்குச் சொன்னார் என்பதெல்லாம் வாக்கியத்தில் இருக்காது. அம்பலப்படுத்தியது, தோலுரித்தது என்றால் மட்டும் எழுவாய் வந்துவிடும். அந்த எழுவாய் பெரும்பாலும் பத்திரிகையாகவே இருக்கும்.

வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறுவதும் இந்தக் குடும்பம். வண்டவாளம் என்றால் முதல், வியாபாரத்தில் போட்ட சரக்கு. கன்னடத்தில் இன்றும் முதலீட்டுக்குப் ‘பண்டவாள’ என்றுதான் சொல். அங்கேயும் ஒருவரின் குட்டு உடைந்தால் பண்டவாளம் ‘பயலு’ ஆயிற்று என்பார்கள். பயலு என்றால் வெட்டவெளி, நம் வயலுக்கு உறவு. தமிழில் அது ஏன் தண்டவாளத்தில் ஏறியது என்றால், எதுகை. வேறு காரணம் தேட வேண்டாம்.

*

விட்டுப்போனவை: கைவரிசை காட்டுவது திருடன் மட்டுமே. புத்தியைக் காட்டுவது சொந்தக்காரர்கள். ‘காட்டு காட்டுன்னு காட்டிட்டான்’ என்றால் அடி. எதைக் காட்டினான் என்று கேட்கக் கூடாது.